இரண்டு ஆள் மைலேஜ்

பெட்ரோல் பங்க்குகளில் அவருக்கு வைத்திருந்த பெயர் மில்லி. முகத்துக்கு நேராக மில்லி சார், முதுகுக்குப் பின்னால் வெறும் மில்லி. எடை அளவுப் பரிசோதகர் உத்தியோகம். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதும், பங்க்குகளில் ஐந்து லிட்டர் அளவுக் குவளையைக் குழாய்க்கு அடியில் வைத்து ஐந்துக்கு ஐந்து விழுகிறதா என்று குனிந்து பார்ப்பதும்தான் வேலை. அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு சொட்டு குறைந்தாலும் குழாய்க்குப் பூட்டு. கெஞ்சினாலும் சரி, குடும்பக் கதை சொல்லி அழுதாலும் சரி, மனிதர் மசியமாட்டார். இருபத்தொரு வருட வேலையில் அவர் எழுதிய எண்ணை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை. மில்லி எழுதிவிட்டாரா, அப்படியானால் சரி என்று மாட்டிக்கொண்டவனே கையெழுத்துப் போட்டுவிடுவான்.

அப்பேர்ப்பட்டவர் வாங்கிய புதுக் காருக்கு மைலேஜ் வரவில்லை என்றால் அலுவலகம் சும்மா இருக்குமா. ஒரு வாரம் வைத்துச் செய்தார்கள்.

வெள்ளை நிறத்தில் சின்னக் கார். கியர் மாற்றும் தொல்லை கிடையாது, இரண்டே மிதிகள். அக்கா பார்த்துத் தேர்ந்தெடுத்தது. "உன் அத்தானுக்குப் புடிச்ச மாதிரி, நல்லா மைலேஜ் குடுக்கற வண்டியா வாங்குடா" என்று அவள் சொன்ன பிறகு வேறு காரைப் பார்க்க அவருக்கு மனது வரவில்லை. விளம்பரத்தில் லிட்டருக்கு இருபத்தைந்து என்று போட்டிருந்தார்கள். விளம்பரத்தை அப்படியே விழுங்குகிற ஆளா அவர்? மூன்றைக் கழித்து இருபத்திரண்டு என்று மனதுக்குள் எழுதிக்கொண்டுதான் சாவியை வாங்கினார். இரண்டு மாதம் ஓட்டியாயிற்று. இருபது புள்ளி ஒன்பதில் நின்றது. தலைகீழாக நின்று பார்த்தும் அதற்கு மேல் ஏறவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த ஒன்று சொச்சத்தைக் கண்டுகொள்ளாமல் போயிருப்பார்கள். மில்லிக்கு அது தொண்டையில் மாட்டிய முள்.

காரணத்தில் பாதி அவருக்கே தெரியும். அந்தப் பாதியை யாரிடமும் சொல்ல முடியாது.

கடையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்த முதல் நாள், முதல் சிக்னலில் நின்றபோது, என்ஜின் தானாக அணைந்துபோனது. ஒரு சத்தம் இல்லை. அந்த நிசப்தத்தில் மில்லியின் வலது கால் பிரேக்கை மிதித்தது, மறுபடி மிதித்தது, நிற்கிற வண்டியை நாலு முறை, ஐந்து முறை மிதித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பக்கத்தில் இருந்த கடைப் பையன் அவர் முழங்காலைத் தொட்டு அடக்கினான்.

"சார், பயப்படாதீங்க. நின்னா தானா அணைஞ்சுக்கும், பிரேக்குல இருந்து காலை எடுத்தா தானா ஸ்டார்ட் ஆயிடும். பெட்ரோல் மிச்சம் சார். இதுக்காகத்தானே எல்லாரும் இந்த வண்டியைக் கேக்கறாங்க."

"இதை நிறுத்த வழி இல்லையா?"

"இந்தப் பொத்தானை அமுக்கினா நின்னுடும். ஆனா ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் மறுபடி அமுக்கணும். யாரும் அமுக்க மாட்டாங்க சார்."

மில்லி அமுக்கினார். அன்றிலிருந்து சாவி போட்டதும் விரல் முதலில் போவது அந்தப் பொத்தானுக்குத்தான். சிக்னலுக்குச் சிக்னல் பெட்ரோல் வீணாவதைக் காதால் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அணைந்த காரின் நிசப்தத்தைவிட அது தேவலாம்.

மணி அடிக்க ஆரம்பித்தது மூன்றாவது வாரத்தில்.

அக்கா வீடு தண்ணீர்த் தொட்டி மேட்டின் உச்சியில் இருக்கிறது. கீழே ஊருக்குள் இருக்கும் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. காலையில் மேலே போய் அவளை ஏற்றிக்கொண்டு இறங்குவார், சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாக இறங்குவார். மேட்டின் தலையில் கல் குவாரிச் சாலை வந்து சேருகிற இடத்தில் ஒரு சிக்னல். அதைத் தாண்டியதும் இறக்கம். ஒரு சாயங்காலம் இறக்கம் தொடங்கிய இடத்தில் டிங் டிங் என்றது கார். பக்கத்து இருக்கை பெல்ட்டு போடவில்லை என்று சிவப்பாக ஒரு விளக்கு. இருக்கையில் அக்கா விட்டுப்போன குடைகூட இல்லை. கீழே போய்ச் சேரும்வரை அடித்துவிட்டு நின்றது. மறுநாளும் அதே இடத்தில் அடித்தது. அதற்கடுத்த நாள் ஊருக்குள்ளும் அடித்தது.

சர்வீஸ் சென்டரில் நீலக் கோட்டுப் போட்ட மெக்கானிக் பெண் மடிக்கணினியைச் செருகிப் பார்த்தாள். இருக்கைக்கடியில் கைவிட்டுப் பார்த்தாள். தானே ஏறி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு சார். எடை இருந்தாத்தான் அடிக்கும். பை கிய் வச்சிருந்தீங்களா?"

"ஒண்ணும் வைக்கலை."

அவள் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள். "மைலேஜ் குறையுதுன்னும் எழுதியிருக்கீங்க. இது குறைவே இல்லையே. ரெண்டு பேர் போற வண்டிக்கு இதுதான் கணக்கு."

"பாதி நேரம் நான் ஒத்தை ஆளு. அதைக் கழிச்சுத்தான் சொல்றேன்."

"அப்ப மணி சரியாத்தான் அடிக்குது" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பேச்சை மாற்றினாள். "இறக்கத்துல காலை எடுத்துட்டுச் சும்மா விடுங்க சார். என்ஜின் சுத்திக்கிட்டே இருக்கும், ஆனா பெட்ரோல் ஒரு சொட்டு போகாது. இந்த வண்டி அதைத் தானா பாத்துக்கும். பிரேக்கும் கைவசம் இருக்கும். பழைய கார்ல மாதிரி சாவியைத் திருப்பிட்டு உருட்டற வேலையெல்லாம் வேண்டாம். அது ஆளைக் கொன்னுடும்."

மில்லி அவள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். தன் வாழ்க்கையில் முதல்முறையாக, படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து.

அத்தான் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும், வேறு வழியில்லை.

அக்கா புருஷன் கல்லூரி நூலகர். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால், யாராவது நிற்கிறார்களா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்து எழுந்துவிடுகிற ரகம். அவரிடமும் ஒரு பழைய சின்னக் கார், மில்லியிடமும் அதே ரகத்தில் ஒன்று. யார் கார் லிட்டருக்கு அதிகம் ஓடுகிறது என்று இரண்டு பேருக்கும் ஏழு வருடப் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இறக்கத்தின் அடியிலுள்ள டீக்கடையில் சந்திப்பு. சட்டைப்பையிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுத்து மேசையில் வைப்பார்கள். ஜெயிப்பது எப்போதும் மில்லி. "அளவு ஆபீஸ்காரன்கிட்ட அளவுல மோதறேன் பாரு, எனக்குத்தான் புத்தி இல்ல மாப்ள" என்று அத்தான் சிரித்துக்கொண்டே டீ சொல்வார். தோற்பதற்கென்றே வருகிற மாதிரி வருவார்.

வென்று வென்று அலுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராள மனது வந்து, மில்லி தன் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார். மேட்டின் தலையில் நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட வேண்டும். நாலு கிலோமீட்டர் கார் தன்பாட்டில் உருளும். ஒரு இறக்கத்துக்கு இருநூறு மில்லி மிச்சம். அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

சொல்லாமல் விட்ட மிச்சம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய கார்களில் என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குப் பலம். அணைத்த பிறகு இரண்டு மிதிக்குத் தாங்கும், மூன்றாவது மிதிக்கு அது கல். அதனால் மில்லி கடைசி வளைவுக்கு முன்னாலுள்ள மஞ்சள் பலகையைக் கண்டதும் சாவியைத் திருப்பி என்ஜினை எழுப்பிக்கொள்வார். அதைச் சொல்ல அன்று மறந்துதான் போனார். அது சத்தியம். ஆனால் அடுத்த ஞாயிறு அத்தான் ஜெயித்தார். அதற்கடுத்த ஞாயிறும் ஜெயித்தார். அப்போது ஞாபகம் வந்தது. ஏழு வருடத்தில் முதல்முறை டீ சொன்ன எரிச்சலில், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மனிதனுக்கு இவ்வளவு சின்ன மனது இருக்கும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

அடுத்த வாரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கடைசி வளைவில், பாலத்துச் சுவரில். முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தது மில்லி. அத்தான் ஸ்டியரிங்கின் மேல் கன்னத்தை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு, ஏதோ கேட்கப்போகிற முகத்தோடு இருந்தார். சாவி ஆஃபில் இருந்தது. மற்றவர்கள் இருபது அடி தள்ளி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். உடைந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு மில்லி முதலில் தொட்டது அத்தானை அல்ல, சாவியை. ஆனுக்குத் திருப்பினார். அதற்குப் பிறகுதான் கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார்.

ஏன் செய்தார் என்று ஆயிரம் முறை தன்னைக் கேட்டாகிவிட்டது. கை செய்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதச் சொன்னபோது, 'சாவி ஆனில் இருந்தது' என்று முத்து முத்தாக எழுதியது கை மட்டும் இல்லை.

சாவி ஆனில் இருந்தது என்றால் என்ஜின் ஓடியிருக்கிறது. ஓடியும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் பிரேக்கில் கோளாறு. நாலு நாள் முன்புதான் அந்தக் காருக்குப் பிரேக் மாற்றிப் போட்டிருந்தார் ஒரு பிரேக் மெக்கானிக். அவர் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். உரிமத்தை ரத்து செய்வதா என்று போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை நடந்தது. கடைசி அமர்வு வருகிற புதன்கிழமை பதினொரு மணிக்கு. முக்கிய சாட்சி மில்லி.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காரைச் சோதித்துவிடுவது என்று முடிவு கட்டினார். பேயும் பிசாசும் அளவுக்குள் வராது, பெட்ரோல் வரும். தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஊரைச் சுற்றி நாற்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டினார். மணி அடித்துக்கொண்டே வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். திரும்பி வந்து அளவுக் குவளையால் விளிம்புவரை மீண்டும் நிரப்பினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து மில்லி பிடித்தது.

பிறகு வீட்டிலிருந்த பழைய முத்திரை எடைக்கற்களைக் கொண்டுவந்தார். இருபது கிலோ மூன்று, பத்து ஒன்று, இரண்டு ஒன்று. மொத்தம் எழுபத்திரண்டு. அத்தானின் எடை அது. அலுவலகத்துப் புதுத் தராசில் ஒருமுறை விளையாட்டாக ஏறி நின்று, "சாப்பாட்டுக்கு முன்னாடியே இவ்வளவா மாப்ள?" என்று அவர் வயிற்றைத் தடவியது இன்னும் கண்ணிலேயே இருந்தது. கற்களைப் பக்கத்து இருக்கையில் அடுக்கி பெல்ட்டால் கட்டினார். அதே சாலை, அதே வேகம், அதே நாற்பது. எழுபத்திரண்டு கிலோ ஏறினால் குறைந்தது எண்பது மில்லியாவது கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்துதான் பிடித்தது.

குவளையைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு இப்படி அப்படி இல்லை. கல் ஏறியும் எடை ஏறவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர், கல் வந்ததும் எழுந்து இடம் கொடுத்துவிட்ட மாதிரி. அப்படி எழுந்துகொள்கிற ஒரே ஆளை அவருக்குத் தெரியும். குவளையைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கல்லுக்கெல்லாம் பெல்ட்டு போட்டு ஊர்வலமா? பாத்தவங்க எனக்கு ஃபோன் பண்றாங்க."

"மணி அடிக்குது."

"அதுக்கு ஏன் இந்தப் பாடு? காலி சீட்டுக்கும் பெல்ட்டை மாட்டி விடுங்க, அடிக்காது. எங்க ஆபீஸ் டிரைவர் அப்படித்தான் செய்யறாரு."

"அது முடியாது."

"ஏன் முடியாது?"

பெல்ட்டை மாட்டினால் அங்கே ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இதை எப்படிச் சொல்வது? கற்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் தூக்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை டயரில் காற்று குறைந்திருந்தது. காற்று குறைந்தால் மைலேஜும் குறையும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வழக்கமான பங்க்கில் காற்றுப் பிடிக்கும் மூலையில் நிறுத்தினார். குழாயை இழுத்துக்கொண்டு வந்து குனிந்த ஆளைப் பார்த்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. பட்டறை பூட்டிய பிறகு பிரேக் மெக்கானிக் அங்கே காற்று அடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. அறுபது வயது ஆள். விரல் நகங்களில் இன்னும் கிரீஸ் கறுப்பு போகவில்லை.

"வாங்க சார்" என்றார் அவர். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. "முப்பத்திரண்டு வைக்கட்டுமா?"

"வைங்க."

நாலு சக்கரத்துக்கும் நிதானமாக அடித்து முடித்தார். கடைசி மூடியைத் திருகிவிட்டு எழுந்திருக்காமல், குந்தியபடியே பேசினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு மூணு மாசமா இருக்கேன். சாவி நிஜமாவே ஆன்லதான் இருந்துச்சா?"

மில்லியின் கை கார்க் கதவின் பிடிக்குப் போனது.

"உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல சார்" என்று மனிதர் பதறிக்கொண்டு தொடர்ந்தார். "என் மண்டைக்கு ஏறலை, அதான். என்ஜின் ஓடினா நான் போட்ட பிரேக் புடிச்சிருக்கணும். அணைச்சு உருட்டியிருந்தாருன்னா கதை வேற. மத்தவன் யாராச்சும் எழுதியிருந்தா பொய்னு சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். எழுதினது நீங்க. உங்க அளவு பிசகாது, ஊருக்கே தெரியும். அப்ப பிசகினது என் கைதான். எந்தத் திருகாணியை விட்டேன்னு ராவும் பகலும் யோசிக்கறேன், புடிபடலை. சரி, கைக்கு வயசாயிடுச்சு போல. நாளைக்கு அங்க வந்து தப்பு என்னுதுதான்னு சொல்லிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். உங்க அக்காவையும் நேர்ல பாத்துக் கும்பிட்டுடறேன்."

சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மில்லி ஏதோ முணுமுணுத்துவிட்டுக் காரில் ஏறினார். பங்க்கை விட்டு வெளியே வந்ததும் மணி அடித்தது. வீடு வரைக்கும் நிற்கவே இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவை ஏற்றிக்கொண்டார். அவள் விடுப்புப் போட்டிருந்தாள். தலையைப் பின்னி, கையில் விசாரணைக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, ஏறியதுமே பெல்ட்டை மாட்டினாள். மணி வாய் திறக்கவில்லை. மேட்டின் தலையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. குவாரி லாரிகள் வரிசையாகக் கடந்துகொண்டிருந்தன. தொண்ணூறு வினாடி.

"நானும் தினம் பாக்கறேன்" என்றாள் அக்கா. "ஏறினதும் எதுக்குடா இந்தப் பொத்தானை அமுக்கற? இதுதானே பெட்ரோலை மிச்சம் பண்றது?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே எட்டி அதை அமுக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் என்ஜின் அணைந்தது.

அவர் கால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டது. லாரிகளின் இரைச்சல் எங்கோ தூரத்தில் போனது. காருக்குள் அந்த நிசப்தம் மட்டும் இருந்தது. அக்கா அதைக் கேட்பது போல் தலையைச் சாய்த்தாள்.

"இதே மாதிரிதான் இருக்கும்" என்றாள் மெதுவாக. "இங்க வந்ததும் சாவியைத் திருப்பிடுவாரு. கடைசி ரெண்டு மூணு வாரம். நான் பக்கத்துல உட்காந்து பயந்து செத்தேன். 'உன் தம்பி கண்டுபுடிச்சதுடி, மில்லி கணக்கு, தப்பே வராது'ன்னு ஒரே பெருமை. கையை ஜன்னல் வெளியே நீட்டிக்கிட்டு, சின்னப் பையன் மாதிரி."

மில்லி அவள் பக்கம் திரும்பவில்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை சேதி வந்ததும் எனக்கு முதல்ல தோணினது அதுதான். சாவியை அணைச்சுட்டாரு, அதான் ஆயிடுச்சுன்னு. உன் மேல எனக்கு வந்த கோபம் இருக்கே, சொல்ல முடியாதுடா. உன் முகத்துலயே இனி முழிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அப்புறம் போலீஸ்காரர் சொன்னாரு, சாவி ஆன்ல இருந்துச்சுன்னு. நான் நம்பலை. யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டேன். நீன்னு சொன்னாரு." அக்கா கோப்பைத் தடவிக்கொண்டாள். "அந்த நிமிஷமே நம்பிட்டேன். உன்னைப் போய் தப்பா நினைச்சோமேன்னு அழுதேன்."

சிக்னல் கம்பத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நாற்பத்தி நாலு, நாற்பத்தி மூணு. இன்னும் நாற்பது வினாடி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பச்சை விழும், கால் எழும், என்ஜின் சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பதினொரு மணிக்கு ஒரு கிழவர் தன் கையைக் குற்றவாளி என்று ஒப்புக்கொடுத்துவிடுவார். அக்கா தம்பியின் காரில் வீடு திரும்புவாள். சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பாள்.

"அக்கா" என்றார். "சாவி ஆஃப்ல இருந்துச்சு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான்தான் திருப்பினேன். அணைச்சா மூணாவது மிதிக்கு பிரேக் புடிக்காது. எனக்குத் தெரியும். அத்தான்கிட்ட சொல்லலை. முதல்ல மறந்துட்டேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு, ரெண்டு வாரமா அவரு ஜெயிச்சுட்டு இருந்தாரு, அதனால சொல்லலை. பிரேக்குல ஒரு தப்பும் இல்ல."

எண்கள் இறங்கின. அக்கா அழவில்லை, அடிக்கவில்லை. முன்கண்ணாடி வழியே இறக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவரைத் தொட்டியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எது?"

"சாவியை."

இருபத்தொரு வருடம் மில்லிக் கணக்கில் ஊரை ஆட்டிவைத்த மனிதருக்கு அந்த ஒரு சொல்லை வெளியே தள்ள உயிர் போயிற்று. "முன்னாடி" என்றார்.

அக்கா பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து இறங்கினாள். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"போய் அங்க சொல்லு. அந்த மனுசன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லு. நான் நடந்து வரேன்."

கதவு சாத்தப்பட்டது. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் தானாக உயிர் பெற்றது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அக்கா சாலையோரமாக நடந்து வருவது தெரிந்தது. தலையைக் குனிந்து, வேகமில்லாமல் நடந்தாள். வளைவில் அவள் மறைந்ததும் டிங் டிங் என்று மணி அடித்தது.

மில்லி காரை ஓரமாக நிறுத்தினார். காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தார். மணி அடிக்க ஆரம்பித்த பிறகு இன்றுதான் அதை நேராகப் பார்க்கிறார். இருக்கையில் அக்கா உட்கார்ந்த பள்ளம்கூட இல்லை. கையை நீட்டி, அங்கே இருப்பவரின் மேல் பட்டுவிடாமல் கொஞ்சம் தள்ளியே கொண்டுபோய், பெல்ட்டை இழுத்து, இந்தப் பக்கம் கொண்டுவந்து மாட்டினார். கிளிக் என்றது. மணி நின்றது.

"அத்தான்" என்றார். "மூணாவது மிதிக்கு புடிக்காது அத்தான்."

காரை எடுத்தார். இறக்கம் முழுவதும் காலை மிதிகளிலிருந்து எடுத்துவிட்டு, என்ஜின் சுற்றச் சுற்ற, பெட்ரோல் ஒரு சொட்டும் செலவாகாமல் இறங்கினார். மஞ்சள் பலகை வந்தது, பாலத்துச் சுவரில் புதிதாகப் பூசிய சிமெண்ட் வந்தது, டீக்கடை வந்தது. பொத்தானை மறுபடி அமுக்க விரல் போகவில்லை.

போக்குவரத்து அலுவலகத்துக்கு முந்தைய சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றதும் என்ஜின் அணைந்தது. எதிரே அலுவலகப் படிக்கட்டில், வெள்ளைச் சட்டை போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. காரில் இருந்த இரண்டு பேரும் பச்சைக்குக் காத்திருந்தார்கள்.